வாசகர் கேள்வி பதில்: ‘பள்ளி’ என்ற சொல்லில் இருந்து தொடங்குங்கள்

போன இதழில், பிள்ளைகளுக்குப் பௌத்தத்தை இணையத்தின் உதவியோடு கற்பிப்பது பற்றி ஒரு சின்னப் பத்தி எழுதியிருந்தேன். நான் எதிர்பார்த்ததை விடக் கூடுதலாகக் கேள்விகள் வந்துவிட்டன. தபாலில் வந்தவை, வட்ஸ்அப்பில் வந்தவை, மரக்கறிக் கடையில் மறித்துக் கேட்டவை என்று எல்லாம் சேர்ந்து கிடக்கின்றன. இந்த முறை பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: தமிழ்மொழி மூலம் வரலாறு கற்பிக்கிறேன். வகுப்பில் பெரும்பாலும் முஸ்லிம் பிள்ளைகள், கொஞ்சம் இந்துப் பிள்ளைகள். பௌத்தம் இலங்கைக்கு வந்த பாடத்துக்கு யூடியூபில் நல்லதொரு வீடியோ தேடிப் போட்டேன். பத்து நிமிடத்தில் பாதிப் பேர் ஜன்னலைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். ஸ்மார்ட் போர்ட் இருந்தும் பிரயோசனம் இல்லையே. எங்கே தொடங்குவது?
ஓர் ஆசிரியை, மூதூர்

ரீச்சர், வீடியோவில் தொடங்கியதுதான் பிழை என்று நினைக்கிறேன். ஓடுகிற படத்தில் பிள்ளைக்குச் செய்ய ஒரு வேலையும் இல்லை. பாடமோ, எங்கிருந்தோ ஒன்று யாருக்கோ வந்தது என்று சொல்கிறது, அது தனக்கு எதற்கு என்று அந்தப் பிள்ளை நினைக்காமல் என்ன செய்யும்?

ஒரு படத்தில் தொடங்குங்கள். ஓடாத படம். நம் திருகோணமலை நகரிலிருந்து வடமேற்கே, பெரியகுளத்துக்குக் கிட்ட வெல்கம் விகாரை இருக்கிறதல்லவா, ஊர்ப் பெரியவர்கள் நாதனார் கோயில் என்று சொல்கிற இடம். சோழர் ஆட்சிக் காலத்தில் அதற்கு இராஜராஜப் பெரும்பள்ளி என்று பெயர். முதலாம் இராஜராஜன் பெயரால் ஒரு பௌத்தப் பள்ளி, அதுவும் திருகோணமலையில். 11ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டுகள் அங்கே பத்துக்கும் மேல் கிடைத்திருக்கின்றன. பேராசிரியர் சி. பத்மநாதன் அவற்றைப் படித்து விரிவாக எழுதியிருக்கிறார். அவற்றில் பெரிய தத்துவம் எதுவும் இல்லை. விளக்கு எரிக்க இன்னார் இத்தனை பசு கொடுத்தார் என்பது போன்ற நன்கொடைக் கணக்குகள்தான். பிள்ளைகளுக்கு அதுதான் பிடிக்கும். விளக்குக்கு எதற்கு சேர் பசு என்று கட்டாயம் ஒருவர் கேட்பார். பதிலை நீங்கள் சொல்லாதீர்கள், அவர்களே பால், தயிர், நெய் என்று வந்து சேரட்டும். பசு கன்று போட்டுப் பெருகும் வரை விளக்கு அணையாது என்ற கணக்கைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை தானாகக் கண்டுபிடிக்கிற போது முகத்தைப் பார்க்க வேண்டும்.

சில மாதங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை, 8ஆம் தரப் பிள்ளைகள் பன்னிரண்டு பேருக்கு இதைத்தான் செய்து பார்த்தேன். முதல் நாள் நானே போய்க் கல்லைப் போனில் எடுத்தேன். மத்தியானம் எடுத்த படத்தில் ஓர் எழுத்துக்கூடத் தெரியவில்லை, வெறும் கல். மறுநாள் காலை ஏழு மணிக்கு வெயில் பக்கவாட்டில் விழும்போது எடுத்தேன், ஒவ்வொரு கீறலுக்கும் ஒரு நிழல் விழுந்து எழுத்துகள் எழும்பி நின்றன. எழுத்துத் தெரியட்டும் என்று கல்லில் சோக்கட்டி பூசுவதோ தண்ணீர் ஊற்றுவதோ வேண்டவே வேண்டாம், சரிவான வெளிச்சம் போதும். அந்தப் படத்தைப் பெரிதாக்கி, தெரிந்த எழுத்தை எல்லாம் கொப்பியில் எழுதச் சொன்னேன். ப வந்தது, ர வந்தது, ம வந்தது. புள்ளி இல்லாமல் எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டு, இதை எழுதினவருக்கு எழுத்துப் பிழை என்று ஒரு பிள்ளை சொன்னாள். அந்த நாளில் கல்லில் பெரும்பாலும் புள்ளி வைப்பதில்லை என்று விளக்கினேன். பிறகு இராஜராஜப் பெரும்பள்ளி என்ற பெயரைப் பலகையில் எழுதியதும், கிண்ணியாவில் இருந்து வருகிற ஒரு பையன் எழும்பி, “சேர், பள்ளி எண்டா எங்கட பள்ளியெல்லோ?” என்றான். உடனே பின் வாங்கில் இருந்து இன்னொரு குரல், “அப்ப பள்ளிக்கூடம்?”

ரீச்சர், அந்த இரண்டு கேள்விக்காக நான் பத்து வீடியோவைக் கொடுத்துவிடுவேன். சமணத் துறவிகளும் பௌத்தத் துறவிகளும் தங்கிய இடம் பள்ளி. அங்கே எழுத்தும் கற்பித்ததால் பள்ளிக்கூடம் என்ற சொல் வந்தது என்று தமிழறிஞர்கள் பலர் சொல்கிறார்கள். பிறகு அதே சொல் நம் முஸ்லிம் மக்களின் தொழுமிடத்துக்கும் ஆகி வந்தது. ஒரு சொல் மூன்று வீட்டில் குடியிருக்கிறது. அன்றைக்கு ஒருவரும் ஜன்னலைப் பார்க்கவில்லை.

அடுத்த நாள் கூகுள் ஏர்த்தைத் திறவுங்கள். லும்பினி, புத்தகயா, சாரநாத், குசிநகர் நான்கையும் பிள்ளைகளே தேடி அடையாளம் வைக்கட்டும். லும்பினி இந்தியாவில் இல்லை, நேபாளத்தில் இருக்கிறது என்பதே பலருக்குப் புதினமாக இருக்கும். அப்புறம் அசோகனின் பாடலிபுத்திரம், அதாவது இன்றைய பட்னா. அங்கிருந்து தாமிரலிப்தித் துறைமுகம். அங்கிருந்து கடலால் நம் வடக்கே மாதகலுக்குக் கிட்ட உள்ள சம்புத்துறை, அசோகனின் மகள் சங்கமித்தை வெள்ளரசுக் கிளையோடு வந்து இறங்கியதாக மகாவம்சம் சொல்கிற ஜம்புகோளம் அதுதான். அங்கிருந்து அநுராதபுரம். அளவுகோலைக் கொடுத்து ஒவ்வொரு தூரத்தையும் அளக்கச் சொல்லுங்கள். அசோகனின் 13ஆம் பாறைக் கல்வெட்டில் சோழர், பாண்டியர், தாமிரபரணி (நம் இலங்கையின் பழைய பெயர்) என்ற பெயர்கள் வருகின்றன. அவற்றையும் அதே படத்தில் வைத்தால், பௌத்தம் நேராக ஒரே கோட்டில் வந்த சங்கதி இல்லை, கடலைச் சுற்றிப் பல துறைமுகங்களால் வந்தது என்று பிள்ளைகளுக்கே விளங்கும். அதில் நம் திரியாயையும் சேருங்கள். தபஸ்ஸு, பல்லிகர் என்ற இரண்டு வணிகர் புத்தரின் கேசதாதுவோடு, அதாவது தலைமுடியோடு, வந்தார்கள் என்ற மரபுக் கதையும், பல்லவ கிரந்த எழுத்தில் வெட்டிய சமஸ்கிருதக் கல்வெட்டும் உள்ள இடம் அது. துறைமுகம் என்றால் என்ன என்று நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை.

உங்கள் வீடியோ வீணில்லை. கடைசியில் மூன்று நிமிடம் போடுங்கள், சத்தத்தை நிறுத்திவிட்டு. என்ன நடக்கிறது என்று பிள்ளைகள் சொல்லட்டும்.

கேள்வி: கோபிக்க வேண்டாம். எங்கள் ஊரில் சிலை வைக்கிற பிரச்சினை ஓயாமல் நடக்கிறது. காணி போகிறது. இந்த நிலையில் சைவப் பிள்ளைகளுக்குப் பௌத்தம் படிப்பிக்க நீங்கள் வழி சொல்லிக்கொண்டு இருக்கிறீர்களே, இது சரியா? என் மகள் போனில் புத்தர் கதை பார்ப்பது எனக்குப் பயமாக இருக்கிறது.
ஒரு தாய், உப்புவெளி

இதில் கோபிக்க என்ன இருக்கிறது, தங்கச்சி. அந்த நோவு எனக்கும் உண்டு. விடிந்து எழும்பிப் பார்த்தால் சந்தியில் சிலை இருக்கும், கேட்கப் போனால் பதில் சொல்ல ஆள் இருக்காது. அது காணியையும் அதிகாரத்தையும் பற்றிய பிரச்சினை, அதற்குச் சட்டத்திலும் அரசியலிலும் நின்று கேட்க வேண்டிய கேள்விகளைக் கேட்கத்தான் வேண்டும். அதை நான் சின்னதாக்கிப் பேச மாட்டேன்.

ஆனால் ஒன்றை யோசியுங்கள். பழைய செங்கல் கட்டடம் ஒன்று நிலத்துக்குள் இருந்து வெளிவந்தால், இங்கே தமிழருக்கு என்ன வேலை என்று யாராவது கேட்கிறார்கள். அதற்கு உங்கள் மகள் என்ன சொல்லப் போகிறாள்? இராஜராஜப் பெரும்பள்ளியைத் தெரிந்த பிள்ளை, அந்த விளக்குக்குப் பசு கொடுத்தது யார், எந்த மொழியில் எழுதி வைத்தார்கள் என்று நிதானமாகச் சொல்லும். தெரியாத பிள்ளை கோபப்படும், அல்லது தலையைக் குனியும். இரண்டும் எனக்கு விருப்பமில்லை. பௌத்தக் காப்பியமான மணிமேகலையை எழுதியது சீத்தலைச் சாத்தனார் என்ற தமிழ்ப் புலவர். வீரசோழியம் என்ற இலக்கணத்தை எழுதிய புத்தமித்திரர் பௌத்தர். நாகபட்டினத்தில் சூடாமணி விகாரைக்கு நிலம் கொடுத்தது சோழ அரசு. இதெல்லாம் நம் வீட்டுச் சொத்து. சொத்தின் கணக்கு பிள்ளைக்குத் தெரிய வேண்டாமா?

சமயம் மாறிவிடுவாளோ என்ற பயத்துக்கு ஒரு வழி இருக்கிறது. தனியே பார்க்க விடாதீர்கள், பக்கத்தில் இருந்து பாருங்கள். முடிந்ததும், இந்தக் கதையில் உனக்கு எது பிடித்தது, எது பிடிக்கவில்லை என்று கேளுங்கள். நம் தேவாரத்திலும் திருக்குறளிலும் இதைப் போல் எங்கே வருகிறது என்று தேடச் சொல்லுங்கள். கொல்லாமை அதிகாரத்தை அவளே எடுத்துக்கொண்டு வருவாள்.

கேள்வி: எங்கள் பக்கம் வீட்டுக்கு ஒரு போன்தான், அதுவும் தகப்பன் வேலையால் வந்த பிறகுதான் பிள்ளையின் கைக்கு வரும். ரீலோட் போட்டால் டேட்டா இரண்டு நாளில் முடிந்துவிடும். இதில் என்ன மல்டிமீடியா?
ஒரு தொண்டர் ஆசிரியர், வெருகல்

தம்பி, உங்கள் கேள்விதான் எனக்கு மற்றதை எல்லாம் விட முக்கியம். 2020இல் பாடசாலைகளை மூடியபோது சூம் வகுப்பு என்று ஓடினோம். அந்த நாளில் சிக்னல் தேடி மரத்தடியில் நின்ற பிள்ளைகளின் முகம் எனக்கு மறக்கவில்லை. அப்போது எனக்குத் தெரிந்த ஒரு பாடசாலையில் இரண்டு மணித்தியால வீடியோக்களைப் பிள்ளைகளின் வட்ஸ்அப்புக்கு அனுப்பினார்கள், திறக்க முடிந்தவர்கள் நாலு பேர் கூட இல்லை.

வீடியோவை விடுங்கள். குரல் பதிவு செய்யுங்கள். மூன்று நிமிடக் குரல் பதிவு ஒரு நல்ல புகைப்படத்தை விடக் குறைந்த டேட்டாவில் போய்விடும். ஒரு தரம் இறக்கினால் சிக்னல் இல்லாத நேரத்திலும் கேட்கலாம், தாயும் அம்மம்மாவும் சேர்ந்து கேட்கலாம். பதியும்போது மின்விசிறியை நிறுத்துங்கள். உடுப்பு நிறைந்த அலுமாரியைத் திறந்து அதன் முன்னால் நின்று பேசுங்கள், எதிரொலி இருக்காது. எழுதி வைத்து வாசிக்காதீர்கள், பிள்ளைக்கு எதிரில் இருந்து சொல்வது போல் சொல்லுங்கள். முக்கியமானது, கதையை முடிக்காதீர்கள்.

கிசா கோதமி கதையை நான் அப்படித்தான் சொன்னேன். சாவத்தி நகரத்தில் ஒரு தாய், இறந்துபோன குழந்தையைத் தூக்கிக்கொண்டு மருந்து கேட்டு வீடு வீடாக அலைகிறாள். புத்தரிடம் வருகிறாள். ஒரு பிடி கடுகு கொண்டு வா, ஆனால் இதுவரை ஒருவரும் சாகாத வீட்டில் வாங்கி வா என்கிறார். அவள் போகிறாள், முதல் வீட்டில் கடுகு இருக்கிறது. இந்த இடத்தில் நிறுத்திவிட்டு, அவளுக்கு அடுத்து என்ன நடந்திருக்கும், உங்கள் வீட்டில் கேட்டு எனக்குக் குரலில் அனுப்புங்கள் என்று சொன்னேன்.

பதில்கள் இரவில் வரத் தொடங்கின. ஒரு பிள்ளையின் பதிவில் முதலில் அலைச் சத்தம், நாய் குரைக்கிற சத்தம். பிறகு பிள்ளை, “அம்மம்மா சொல்லட்டாம்” என்று மட்டும் சொல்கிறது. அதன் பின் ஒரு கிழவியின் குரல். “எங்கட வீட்டில கடுகு இருக்கு ராசா, ஆனா அந்தப் பிள்ளைக்குக் குடுக்கேலாது. சுனாமியில ஒராள், சண்டையில ரெண்டு பேர். பக்கத்து வீட்டிலயும் வாங்கேலாது. இந்த ஒழுங்கையில ஒரு வீட்டிலயும் வாங்கேலாது.” அவ்வளவுதான். பிள்ளை இருமுவது கேட்கிறது, பதிவு முடிகிறது. 41 வினாடி.

நான் பல வருடமாகத் துக்கம் பற்றிய பாடத்தைப் பலகையில் எழுதிப் படிப்பித்திருக்கிறேன். அந்த 41 வினாடியில் அந்த அம்மா சொன்னதற்குக் கிட்டவும் நான் போனதில்லை. ஒன்று மட்டும் கவனம், தம்பி. நம் கரையில் இந்தக் கதையைச் சொல்லும்போது யார் வீட்டில் என்ன நடந்தது என்று தெரிந்துகொண்டு சொல்லுங்கள். அண்மையில் இழப்பு நடந்த பிள்ளை இருந்தால் கதையை மாற்றுங்கள், புத்தரின் முற்பிறவிகளைச் சொல்கிற ஜாதகக் கதைகள் 547 இருக்கின்றன, அவற்றில் குரங்கும் யானையும் மானும் வருகிற கதைகள் நிறைய. வந்த பதிவுகளைப் பொதுக் குழுவில் போடாதீர்கள். அவை உங்களை நம்பி அனுப்பியவை.

கேள்வி: பௌத்தம் பற்றித் தமிழில் இலவசமாக, நம்பி எடுக்கக்கூடியது இணையத்தில் என்ன இருக்கிறது? எல்லாம் ஆங்கிலமாகவே கிடக்கிறது.
ஓர் இளைஞர், தம்பலகாமம்

முதலில் மணிமேகலை. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் முழு நூலும் எழுத்து வடிவில் இருக்கிறது, தேடலாம், வெட்டி ஒட்டலாம். இலங்கைத் தமிழ் நூல்களுக்கும் பழைய சஞ்சிகைகளுக்கும் நூலகம் இணையத்தளம், 2005இல் இருந்து நடக்கிறது. மயிலை சீனி. வேங்கடசாமியின் ‘பௌத்தமும் தமிழும்’ 1940இல் வந்தது. அவருடைய நூல்கள் நாட்டுடைமை ஆக்கப்பட்டவை, அதனால் தாராளமாக எடுத்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம். பாடப் புத்தகங்களின் பிடிஎப் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்தில் மூன்று மொழியிலும் உண்டு, கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்திலும் தமிழ்ப் பாடங்கள் இருக்கின்றன. ஆங்கிலம் கொஞ்சம் ஓடும் என்றால், பழைய பௌத்த நூல்கள் உள்ள சுத்தசென்ட்ரல் இணையத்தளம். அங்கே பிக்கு சுஜாதோ செய்த மொழிபெயர்ப்புகளுக்கு உரிமைக் கட்டுப்பாடு இல்லை, நீங்கள் தமிழாக்கிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தாலும் யாரும் கேட்க மாட்டார்கள்.

ஆனால் மணிமேகலையை ஏன் முதலில் சொன்னேன் என்றால், வெசாக் காலத்தில் நம் நகரில் தன்சல் போடுகிறார்களே, வீதியில் மறித்து மறித்துச் சோறும் குளிர்பானமும் கொடுக்கிறார்களே, அதைப் பார்க்காத பிள்ளை இங்கே இல்லை. தன்சல் என்பது தானசாலை. இப்போது மணிமேகலையைத் திறவுங்கள். மணிபல்லவத் தீவில் கோமுகிப் பொய்கைக்குள் இருந்து அமுதசுரபி எந்த நாளில் வெளியே வருகிறது? புத்தர் பிறந்த வைகாசிப் பூரணையில். அந்தத் தீவு நம் நயினாதீவு என்று பலரும் கருதுகிறார்கள். அதே நாள், அதே வேலை, பசித்தவருக்குச் சோறு. “உண்டி கொடுத்தோர் உயிர் கொடுத்தோரே” என்ற வரியைத் தன்சல் வரிசையின் படத்துக்குக் கீழே போட்டுப் பாருங்கள், வேறு விளக்கம் தேவையில்லை. பாத்திரத்தில் முதல் பிச்சை இட்ட ஆதிரை, எவ்வளவு தின்றும் பசி அடங்காத காயசண்டிகை, சிறைச்சாலையை அறச்சாலை ஆக்கக் கேட்டது, இந்த மூன்றையும் மூன்று குழுவுக்குக் கொடுத்து நாடகமாகப் பதியச் சொல்லலாம். ஒரு குழு போன வெசாக்குக்குக் காயசண்டிகையைப் பதிந்தது, அதில் பசிச் சத்தத்துக்கு வெறும் அண்டாவைக் கரண்டியால் சுரண்டினார்கள். நான் திடுக்கிட்டுப் போனேன்.

கேள்வி: ஏஐயில் புத்தர் படம் செய்து, அவர் சொன்ன பொன்மொழியும் எழுதித் தரச் சொன்னால் ஒரு நிமிடத்தில் வந்துவிடுகிறது. பாடத்துக்குப் பயன்படுத்தலாமா?
ஓர் ஆசிரியர், கிண்ணியா

பொன்மொழி வேண்டாம். படமும் வேண்டாம் என்றுதான் சொல்வேன், காரணங்கள் வேறு வேறு.

பொன்மொழிக்கு எப்போதும் முகவரி கேளுங்கள். எந்த நூல், எத்தனையாவது பாட்டு? பகை பகையால் தணியாது என்பதற்கு முகவரி உண்டு, தம்மபதம் 5ஆம் பாட்டு. மொத்தம் 423 பாட்டு, போய்ச் சரி பார்க்கலாம். கோபப்படுவது மற்றவருக்கு எறிய நெருப்புத் தணலைக் கையில் எடுப்பது போல, முதலில் சுடுவது உன் கையைத்தான் என்று புத்தர் சொன்னதாக ஒரு படம் எல்லார் போனிலும் சுற்றுகிறது. அந்த உவமை புத்தர் வாக்கு இல்லை, 5ஆம் நூற்றாண்டில் அநுராதபுரம் மகாவிகாரையில் இருந்து புத்தகோசர் எழுதிய விசுத்திமக்கத்தில் வருவது. காஞ்சிபுரத்தில் தங்கியிருந்ததாகத் தன் உரை ஒன்றில் அவரே குறிப்பிடுகிறார். யார் சொன்னது என்று தேடப் போனால் காஞ்சிபுரம் வரை வந்து சேர்கிறோம் பாருங்கள், அந்தத் தேடலைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். ஏஐயிடம் கேட்டால் நம்பும்படியாக ஒரு நூல் பெயரையும் எண்ணையும் சேர்த்தே சொல்லும், இரண்டும் பிழையாக இருக்கலாம். ஆகவே அது சொன்னதை மூலத்தில் சரி பார்ப்பதையே பயிற்சியாக வைக்கலாம், அதற்கு மட்டும் அது நல்லது.

படத்துக்கு வருவோம். ஏஐ செய்கிற புத்தருக்கு விரல் கூடியிருக்கும், முத்திரை பிழையாக இருக்கும், பார்க்கிற பௌத்தருக்கு மனம் நோகும். அதோடு உங்கள் வகுப்பில் முஸ்லிம் பிள்ளைகள் இருப்பார்கள், உருவம் வரைவது அவர்களுக்கும் வீட்டாருக்கும் சங்கடமாக இருக்கலாம். இதற்கு அந்தக் காலத்துச் சிற்பிகளே வழி காட்டியிருக்கிறார்கள். சாஞ்சித் தோரணங்களில் புத்தரின் வாழ்க்கையைச் செதுக்கினார்கள், ஆனால் புத்தரை மனித உருவில் செதுக்கவில்லை. ஞானம் பெற்றதற்கு அரச மரம், முதல் உபதேசத்துக்குச் சக்கரம், அவர் இருந்த இடத்துக்கு வெறும் ஆசனம், நடந்த இடத்துக்குப் பாதச்சுவடு. மணிமேகலை மணிபல்லவத்தில் கண்டதும் பீடிகை, அதாவது ஆசனம்தான். சாஞ்சிப் படங்கள் விக்கிமீடியா கொமன்ஸில் நிறைய இருக்கின்றன, எடுத்தவர் பெயரைக் கீழே எழுதிப் பயன்படுத்தலாம். அவற்றைக் காட்டிவிட்டு, புத்தர் தெரியாமல் புத்தர் கதையை இரண்டு நிமிட வீடியோவாக எடுங்கள் என்று சொல்லுங்கள். ஒருவருக்கும் சங்கடம் இல்லை, எல்லாருக்கும் மூளைக்கு வேலை. எங்கள் பிள்ளைகள் ஒரு வெறும் பாயையும் வாசலில் கழற்றி வைத்த ஒரு சோடிச் செருப்பையும் வைத்து, சித்தார்த்தர் வீட்டை விட்டுப் போன இரவை எடுத்தார்கள். செருப்பு ஏன் அங்கேயே இருக்கிறது என்று கேட்டேன். “அரண்மனைச் செருப்பு சேர், அவர் அதைப் போட்டுக்கொண்டு போகேல்ல” என்றார்கள்.

கேள்வி: கஹூட்டில் வினாடி வினா வைத்தால் பிள்ளைகள் துள்ளுகிறார்கள். அடிக்கடி வைக்கலாமா?
ஓர் ஆசிரிய மாணவி, நிலாவெளி

ஊர்ப் பெயர், ஆண்டு, அரசன் பெயர் நினைவில் நிற்க வைக்கலாம், கிழமைக்கு ஒன்று போதும். கருணை என்றால் என்ன என்பதற்கு நான்கு விடையில் ஒன்றைத் தெரிவு செய், 20 வினாடி என்று மட்டும் வைத்துவிடாதீர்கள், பிள்ளை.

கேள்வி: பிள்ளைகள் செய்த வீடியோவுக்குப் பின்னணியில் பிரித் ஓதுவதைப் போட்டிருக்கிறார்கள். கேட்க வடிவாக இருக்கிறது. விகாரையில் படமும் எடுத்திருக்கிறார்கள். ஏதும் பிழையா?
ஓர் அதிபர், திருகோணமலை நகரம்

பிரித்தை எடுத்துவிடச் சொல்லுங்கள், சேர். அது காப்பு வேண்டி ஓதுவது, வீட்டில் அமைதியாக இருந்து கேட்பார்கள். நம் திருமுறையைப் பின்னணி இசையாக்கி மேலே யாராவது பேசினால் நமக்கு எப்படி இருக்கும்? பிரித்தைப் பற்றிய பாடம் என்றால் தனியே போட்டு, என்ன ஓதுகிறார்கள், என்ன பொருள் என்று சொல்லலாம். மெத்த சூத்திரத்தின் பொருளைத் தமிழில் சொன்னால் எல்லாப் பிள்ளைகளுக்கும் விளங்கும், தாய் தன் ஒரே பிள்ளையைக் காப்பது போல எல்லா உயிரிலும் அன்பு வை என்கிறது. படம் எடுக்க முன் விகாரையில் கேளுங்கள், செருப்பையும் தொப்பியையும் கழற்றுங்கள், சிலைக்கு முதுகு காட்டி நின்று செல்பி எடுப்பது இந்த நாட்டில் பெரிய பிரச்சினையாகும் என்று பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லுங்கள்.

கேள்வி: நான் ஞாயிறு தஹம் பாடசாலையில் (பௌத்த அறநெறிப் பாடசாலை) படிப்பிக்கிறேன். தமிழ் கொஞ்சம் எழுத வரும், பிழை இருந்தால் மன்னிக்கவும். எங்கள் சிங்களப் பிள்ளைகளும் உங்கள் தமிழ்ப் பிள்ளைகளும் சேர்ந்து ஒன்லைனில் ஒரு வகுப்பு வைக்க முடியுமா? பிள்ளைகளுக்கு ஒருவர் மொழி ஒருவருக்குத் தெரியாது.
ஓர் ஆசிரியை, சேருவில

உங்கள் தமிழில் பிழை இருந்தது, ஆனால் கடிதத்தை நான் இரண்டு தரம் வாசித்தேன், பிழை தேடி அல்ல. கட்டாயம் வைப்போம்.

மொழி தெரியாது என்பதே முதல் பாடமாக இருக்கட்டும். கருணை, கருணாவ. தானம், தான. மைத்திரி, மெத்தா, மைத்ரிய. பூரணை, போயா. இந்த மாதிரிச் சொற்களை உங்கள் பிள்ளை சிங்களத்தில் சொல்லிப் பதியட்டும், எங்கள் பிள்ளை தமிழில் சொல்லிப் பதியட்டும், இரண்டையும் அடுத்தடுத்து ஒட்டி ஒரு சின்னக் குரல் அகராதி செய்வோம். போன் ஒன்று போதும். அதற்குப் பிறகு தம்மபதத்தின் முதல் பாட்டு. எல்லாவற்றுக்கும் மனமே முன்னால் போகிறது, கெட்ட மனத்தோடு பேசினால் செய்தால், வண்டி இழுக்கிற மாட்டின் குளம்புக்குப் பின்னால் சில்லு வருவது போலத் துன்பம் பின்னால் வரும் என்கிற பாட்டு. உங்கள் பிள்ளைகள் அதைப் பாளியில் ஓதுவார்கள். நம் எழுத்தில் ப-வுக்கும் த-வுக்கும் உள்ள வேறு ஒலிகளைக் காட்ட முடியாது, எங்கள் பிள்ளைகள் காதால் கேட்டுப் படிக்கட்டும். எங்கள் பிள்ளைகள் மாட்டு வண்டிச் சில்லை வீடியோ எடுத்து அனுப்புவார்கள், தம்பலகாமத்தில் வயல் பக்கம் இன்னும் ஒன்றிரண்டு வண்டி ஓடுகிறது.

நேரில் பார்க்கிற சூம் வகுப்பு அதற்கெல்லாம் பிறகு, 20 நிமிடம் மட்டும். பெரியவர்கள் உரை ஆற்றுவது வேண்டாம், வரவேற்புரையும் வேண்டாம், நானும் பேச மாட்டேன். பிள்ளைகள் ஆளுக்கு ஒரு சொல் சொல்லட்டும், எதிர்ப் பக்கம் அதைத் திருப்பிச் சொல்லட்டும். போசன் பூரணைக்கு இரண்டு கிழமைக்கு முந்திய ஞாயிறு, உங்கள் வகுப்பு முடிகிற நேரம் பதினொரு மணி என்று எழுதியிருந்தீர்கள், அந்த நேரம் எங்களுக்குச் சரி. முதல் சொல்லை நீங்களே தெரிவு செய்து, ஒரு பிள்ளையின் குரலில் பதிந்து அனுப்புங்கள்.